மூணாம் தொட்டியில ஈரம் இல்ல

இல்லம்மா, இன்னைக்குப் பேரமே கிடையாது. நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான் ரேட்டு. ஏம்மா சிரிக்கிறீங்க? சத்தியமாத்தான் சொல்றேன். நாளைக்குக் காலையில ஆறு மணிக்குள்ள இந்த டப்பா வேலை செய்யணும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆமா, அதே ஆளுதான். உங்க மேஜை மேல சென்சார் ஊசியெல்லாம் கொட்டிட்டுக் கத்திட்டுப் போனவன். ஞாபகம் இருக்குமே. மறந்து போற மாதிரி நான் யார்கிட்டயும் கத்துறதில்ல. அன்னைக்கு நீங்க ஒரு வார்த்தை திருப்பிப் பேசல பாருங்க, அதுதான் எனக்கு ரொம்ப அசிங்கமாப் போச்சு. நீங்களும் நாலு வார்த்தை கத்தியிருந்தா ஒழுங்கா சண்டை போட்டுட்டு நிம்மதியாப் போயிருப்பேன். நீங்க பாட்டுக்கு ஒவ்வொரு ஊசியாப் பொறுக்கி ஒரு கவர்ல போட்டு, இது எங்க கடை சரக்கு இல்ல சார்னு கையில குடுத்தீங்க. வாங்குனது சந்தைக் கடையில, சண்டை போட்டது உங்க கடையில. உங்க தொழில்ல இப்படி ஒரு கிறுக்கனைப் பாத்திருக்க மாட்டீங்க.

திறங்க, திறங்க. மூடி கொஞ்சம் இறுக்கமா இருக்கும். சாப்பாட்டு டப்பாதான். மழைத்தண்ணி உள்ள போகக்கூடாதுன்னு தேடிப் பிடிச்சு... ஐயையோ, எறும்பு! தட்டுங்கம்மா, கீபோர்டுக்குள்ள போயிரப் போகுது. காலையிலதான் தட்டி விட்டுட்டு வந்தேன், பாதிக் குடும்பம் உள்ளயே தங்கிருச்சு போல. டப்பாவை நல்லா கழுவலையோ என்னவோ. தண்ணி போகாம இருக்க அவ்வளவு யோசிச்சேன், எறும்பை யோசிக்கல. கம்பி போறதுக்கு ஓட்டை போட்டேன்ல, அது அதுங்களுக்கு வாசல் ஆயிப்போச்சு.

இந்தப் போர்டு மேல பச்சையா பூத்திருக்கே, அதுதான் கோளாறா? சரி ஆயிரும்ல? பாருங்க, பாருங்க. நான் தொந்தரவு பண்ணல. நாலு நாளா செத்துக் கிடக்கு. நானும் பிரஷ் வெச்சுத் தேய்ச்சுப் பாத்தேன், ஊதிப் பாத்தேன், ஒரு தட்டு தட்டியும் பாத்தேன். ரெண்டு தட்டு. சரி, மூணு. மூணாவது கொஞ்சம் வேகமாத்தான் தட்டிட்டேன்.

செடிக்குத்தான்மா. மண்ணுல ஊசி நட்டு வெச்சா ஈரம் எவ்வளவுன்னு பாக்கும், காஞ்சு போச்சுன்னா போனுக்கு மெசேஜ் போகும். பதினோரு தொட்டி, பதினோரு ஊசி. செடி என்னோடது இல்ல. எங்க வீட்டம்மாவோடது. எனக்கும் செடிக்கும் என்ன சம்பந்தம்? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் செத்த மரம். பழைய வீடு இடிக்கிற இடத்துல போயி கதவு, ஜன்னல், இரும்பு கேட் எல்லாம் மொத்தமா எடுத்து, ஆணி பிடுங்கி, தேய்ச்சு, எண்ணெய் போட்டு விக்கிறவன் நான். கடை வாசல்ல பேர் எழுதி பெரிய பலகையே மாட்டியிருக்கேன். ஒருத்தனும் அந்தப் பேரைச் சொல்ல மாட்டான். வெடிக்கடைம்பான். விக்கிறது கதவு, பேரு வெடிக்கடை. நான் வாயத் திறக்குறதை வெச்சு வந்த பேரு.

எட்டாவதோட பள்ளிக்கூடம் போதும்னு வெளிய வந்தவன்மா. மிச்சத்தையெல்லாம் அடி வாங்கித்தான் கத்துக்கிட்டேன். பேரம் மட்டும் யாரும் கத்துத் தரல, அது ரத்தத்துலயே இருக்கு. டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்தா ரெண்டு குறைச்சுக்கலாமான்னு கேட்டவன். அந்தப் புத்திதான் குடும்பத்தைக் கெடுத்துச்சு.

ஏன்னு கேக்குறீங்களா? சொல்றேன். நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க, காதை மட்டும் இங்க குடுங்க.

ஒருத்தன் வந்தான். புது வீடு கட்டுறவன். ரெட்டைக் கதவு இரும்பு கேட் ஒண்ணு, கடையில இடமில்லாம வீட்டு வாசல்ல சாத்தி வெச்சிருந்தேன். நல்ல சாமான், ஆனா ஆறு மாசமாப் போகாம கிடந்துச்சு. ரெண்டு மணி நேரம் பேசுனோம். அவனும் லேசுப்பட்டவன் இல்ல. நான் ஒரு படி இறங்குனா அவன் அரைப்படிதான் ஏறுறான். கடைசியில ஒரு இடத்துல வந்து முட்டிக்கிட்டு நிக்குது, ரெண்டு பேரும் நகர மாட்டேங்கிறோம். அப்ப அவன் அந்தப் பக்கம் பாத்துட்டு, சரி, இந்தச் செடியைக் கொசுறாப் போட்டுக் குடுங்க, முடிச்சுக்கலாம்னான்.

எலுமிச்சை. நீல டிரம்மைப் பாதியா அறுத்து வெச்சது. என் நெஞ்சு உயரத்துக்கு இருந்துச்சு. நான் திரும்பிக்கூடப் பாக்கலம்மா. எடுத்துட்டுப் போன்னேன். வண்டியில நானே ஒரு கை பிடிச்சு ஏத்திவேற விட்டேன்.

ஏழு வருஷம். விதை போட்டு வளத்தது. அந்த வருஷம்தான் முதல் தடவையா காய் பிடிச்சிருந்துச்சாம். எட்டுக் காய். எனக்கு அது எலுமிச்சைன்னே இலையைக் கசக்குனாத்தான் தெரியும், காய் எங்க தெரியப் போகுது? எட்டுன்னு அவ சொல்லித்தான் தெரியும்.

சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்தா. டிரம் இருந்த இடத்துல தரையில வட்டமா ஒரு கறை. அதைப் பாத்துட்டே நின்னா. அப்ப ஒரு வார்த்தை, தப்புத்தான்னு சொல்லியிருந்தா என் வாய் வெந்தா போயிருக்கும்? நான் என்ன சொன்னேன் தெரியுமா? கேட் போயிருச்சுன்னேன். ஆறு மாசமாக் கிடந்ததை எப்படித் தள்ளி விட்டேன் பாத்தியான்னேன். பெருமையா. அவ இன்னும் கறையைத்தான் பாத்துட்டு இருந்தா. எனக்குக் கோபம் வந்துருச்சு. தப்பு பண்ணவன் நான், கோபமும் எனக்கே வருது. ஒரு செடிக்கு இவ்வளவா, நாளைக்கே ரெண்டா வாங்கித் தர்றேன், அப்படி இப்படின்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துனேன். அவ உள்ள போயி ரெண்டு பை எடுத்துக்கிட்டு வந்தா. அவ அக்கா வீடு அவ வேலை பாக்குற இடத்துக்குப் பக்கம். அங்க போறேன்னா. வாசல்ல நின்னு ஒண்ணே ஒண்ணு சொன்னா. மிச்சம் பதினொண்ணு இருக்கு, அதையாவது யாருக்கும் தூக்கிக் குடுக்காம, சாகவும் விடாம வெச்சிருங்க, இருந்துச்சுன்னா பாப்போம்னா.

பாப்போம்னா என்னம்மா அர்த்தம்? நீங்களும் ஒரு வீட்டுக்காரம்மாதான, சொல்லுங்க. என் தொழில்ல ஒருத்தன் பாப்போம்னு சொல்லிட்டுப் போனா, அவன் திரும்பி வரவே மாட்டான்னு அர்த்தம். அந்தப் பயம்தான் எனக்கு. அதுக்குத்தான் இந்தக் கூத்தெல்லாம். பதினோரு தொட்டியும் உசுரோட இருந்தாத்தான் எனக்குப் பேசவே வாய் இருக்கு. அஞ்சு மாசம் ஆச்சு.

திருப்பி வாங்கப் போனேனே! போகாம இருப்பேனா? ரெண்டாம் நாளே போனேன். கேட்டுக்காரன் வீட்டு முற்றத்துல எலுமிச்சை ஜம்முன்னு நிக்குது. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். கேட்டுக்கு வாங்குன காசையே திருப்பித் தர்றேன், கேட்டும் உனக்கே, செடியை மட்டும் குடுன்னேன். என் வாழ்க்கையில அப்படி ஒரு பேரம் நான் பேசுனதே இல்ல, எனக்கு எதிரா நானே பேசுறேன். அவன் என்னை ஒரு மாதிரி பாத்தான். இவ்வளவு தர்றேங்கிறான்னா செடியில ஏதோ இருக்குன்னு நினைச்சுட்டான். குடுக்க மாட்டேன்னு என் மூஞ்சிக்கு நேரா கேட்டைச் சாத்துனான். நான் வித்த கேட். நான் எண்ணெய் போட்ட கேட். சத்தமே இல்லாம சாத்திச்சு. அந்தக் கோபத்துலயும், அடடா, கீல் எவ்வளவு வழுக்கலா போகுது பாருன்னு தோணுச்சும்மா. என்ன ஜென்மமோ நான்.

அப்புறம் சரி, இருக்கிறதையாவது காப்பாத்துவோம்னு இறங்குனேன். முதல் வாரம் ஹோஸைப் பிடிச்சு எல்லாத்துக்கும் அடிச்சேன். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. கற்றாழை அழுகிப் போச்சு. தொட்டா கொழகொழன்னு கையோட வருது. நான் பயந்துட்டேன். அதே மாதிரி, அதே உசரத்துல ஒண்ணைத் தேடி நாலு நர்சரி அலைஞ்சு வாங்கி அதே தொட்டியில நட்டேன். அவகிட்ட சொல்லல. நீங்களும் எங்கயும் சொல்லிடாதீங்க. அதனால உண்மையில பத்துத்தான். பதினொண்ணாவது டூப்பு.

கற்றாழைக்குப் பயந்து தண்ணியைக் குறைச்சேனா, தக்காளி தலையைத் தொங்கப் போட்டுருச்சு. ஒண்ணுக்குக் குடுத்தா ஒண்ணு கோவிச்சுக்குது. நான் டேப்பு வெச்சு அளக்குற ஆளும்மா. ஏழடின்னா ஏழடி. கொஞ்சம், போதுமான அளவு, பதமா, இந்த மாதிரி வார்த்தையெல்லாம் எனக்குச் சரிப்படாது. அப்பதான் போன்ல ஒரு தாடிக்காரன் வீடியோ பாத்தேன். ஒரு போர்டு, ரெண்டு ஊசி, நாலு கம்பி, பத்தே நிமிஷத்துல செஞ்சுட்டான். அவன் பத்து நிமிஷம், எனக்கு மூணு வாரம்.

ஈயம் பத்த வைக்கிறேன்னு கட்டை விரலைப் பத்த வெச்சுக்கிட்டேன், இதோ தழும்பு. சாப்பாட்டு மேஜையில கறுப்பா ஒரு ஓட்டை. அது மேல தட்டை வெச்சு மறைச்சிருக்கேன். அந்தத் தட்டை இப்ப எடுக்கவே முடியாது, அது அங்கயே குடியிருக்கு. புரோகிராமை வீடியோவை நிறுத்தி நிறுத்தி ஒத்தை விரலால தட்டுனேன். எங்கயோ ஒரு புள்ளி விட்டுப் போச்சுன்னு ரெண்டு நாள் அது என்னை மதிக்கவே இல்ல. எவ்வளவு பெரிய கான்ட்ராக்டரையெல்லாம் மடக்கியிருக்கேன், இத்துணூண்டு போர்டு, நகம் அளவுக்கு, முடியாதுங்குது. அதுகிட்ட கத்தவும் முடியாது. கத்துனேன். அது வேற விஷயம்.

அப்புறம் காய்ஞ்சதுன்னா எவ்வளவு, ஈரம்னா எவ்வளவுன்னு அதுக்குச் சொல்லித் தரணும்ல? ஊசியைத் தண்ணி டம்ளர்ல விட்டு இதுதான் ஈரம்னு பதிஞ்சேன். சரி. வெளிய எடுத்துக் கையில பிடிச்சுக்கிட்டு இதுதான் காய்ஞ்சதுன்னு பதிஞ்சேன். என் கை எப்பவும் வேர்த்து ஊத்தும்மா. அதுவும் அன்னைக்கு மெஷின் ஓடுமோ ஓடாதோன்னு பயத்துல சொதசொதன்னு இருந்துச்சு. அந்த வேர்வையைக் காய்ஞ்சதுன்னு அது நம்பிருச்சு. அதனால பாலைவனத்துல நட்டாலும் எல்லாம் நல்லா ஈரமா இருக்கு அய்யாங்குது. மூணு நாள் நானும் நிம்மதியா இருந்தேன். தக்காளி மறுபடியும் தலையைத் தொங்கப் போட்டுருச்சு.

அதுக்கப்புறம்தான் அந்த ரெட்டைப்பல் ஊசி கதை. சந்தையில பத்து ஊசி விலைக்குப் பன்னெண்டு வாங்கி, கொசுறா ஒரு கம்பிச் சுருளும் பிடுங்கிட்டு வந்தேன். அவன் அவ்வளவு சீக்கிரம் படிஞ்சப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். இருபது நாள்ல மண்ணுக்குள்ளயே அரிச்சு, மீன் முள்ளு மாதிரி ஆயிப்போச்சு. அதைத்தான் இங்க கொண்டாந்து கொட்டுனேன். கொட்டிட்டுப் போனவன் மறுநாளே ஆள் அனுப்பி உங்ககிட்ட இந்தப் பட்டை ஊசி பதினொண்ணு வாங்குனேன். நேர்ல வர மூஞ்சி இல்ல. ஆமாம்மா, தொப்பி போட்டுக்கிட்டு வந்தது என் கடையில கதவு தூக்குறவர்தான். பேரம் பேசாதீங்கன்னு சொல்லித்தான் அனுப்புனேன். அவரு பேசுனாரா? பாத்தீங்களா, என்கிட்ட இருந்து கெட்டுப் போயிட்டாரு.

என்ன, லைட் எரியுது! எரியுதும்மா! வந்துருச்சா? முழுசா வரலையா? சரி சரி. உள்ள இருக்கிறது மட்டும் படிக்க முடியுதா? நல்லது. உங்க கை நல்ல கை.

எந்த நம்பரு? மெசேஜ் போற நம்பரா? படிங்க... ஆமா. கடைசியில அஞ்சு. ஆமா, என் நம்பர் நாலுலதான் முடியும். பில்லுல நான் எழுதுனது என் நம்பர்தான். இது... இது வேற ஒண்ணு. இல்லம்மா, மாத்த வேணாம். மாத்தாதீங்க. சும்மா இருங்கன்னா கையை வெச்சுக்கிட்டு இருக்க மாட்டீங்களா?

பாத்தீங்களா, கத்திட்டேன். மன்னிச்சுக்குங்க. தண்ணி இருந்தாக் கொஞ்சம் குடுங்க.

அது எங்க வீட்டம்மா நம்பரு. நான் வேணும்னு போடல, முதல்ல. நானும் அவளும் ஒரே நாள்ல சிம் வாங்குனோம். ஜோடியா எடுத்தாக் குறைச்சுத் தருவியான்னு கேட்டு அடுத்தடுத்த நம்பரா வாங்குனது. எனக்கு நாலு, அவளுக்கு அஞ்சு. உங்க பட்டை ஊசிக்காகப் புரோகிராமை மறுபடியும் ஒத்தை விரலால தட்டும்போது பக்கத்துக் கட்டை விழுந்துருச்சு போல. மெஷின் ஓட ஆரம்பிச்சு ரெண்டு நாளா எனக்கு ஒரு மெசேஜும் வரல. மறுபடியும் வேர்வைக் கதைதான்னு நினைச்சு அதைத் திட்டிக்கிட்டு இருக்கேன். மூணாம் நாள் காலையில போன் அடிக்குது. அவ பேரு. ரெண்டரை மாசத்துக்கப்புறம் முதல் தடவையா.

எடுத்தா, எவனோ ஒருத்தன் தெரியாத நம்பர்ல இருந்து, தொட்டி மூணு, புதினா, ஈரம் பதினாலு, தண்ணி ஊத்தவும்னு அனுப்புறான், என்னங்க இதுங்கிறா. மெஷின்னேன். என்ன மெஷின்னா. நான் செஞ்சதுன்னேன். அப்புறம், புதினாவுக்கு ஊத்துங்கன்னு சொல்லிட்டு வெச்சா. பதினஞ்சு செகண்டு.

மாத்தணும்னுதான் நினைச்சேன். அன்னைக்குச் சாயங்காலமே உக்காந்தேன். அந்த அஞ்சு இருக்கிற இடத்துக்குப் போயி நின்னேன். அழிக்க வரல. நாளைக்கு மாத்திக்கலாம்னு எழுந்துட்டேன்.

மறுநாளும் கூப்பிட்டா. புதினாவுக்கு ஊத்துனீங்களான்னா. ஊத்துறேன்னேன். மூணாம் நாள், தக்காளிக்குக் குச்சி கட்டியிருக்கீங்களான்னு கேட்டா. கட்டலைன்னேன். எப்படிக் கட்டணும்னு சொன்னா. ஒரு நிமிஷம் ஆச்சு. அப்புறம் ரோஜாவுல பூச்சி. அப்புறம் அவ அக்கா வீட்டுல யாரும் கதவைச் சாத்தவே மாட்டாங்களாம், இவளுக்கு அந்தக் கொசுவுல தூக்கம் வரலையாம். அப்புறம் அவ முட்டி வலி. போன வாரம் ஒரு நாள் பதினோரு நிமிஷம் பேசுனோம்மா. வாசல்ல நின்னுக்கிட்டே பேசுறேன், பேசி முடிச்சுப் பாத்தா பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சு கிடக்கு. தினமும் ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பிருவா. அதுக்கு முன்னாடி, ஆறு மணிக்கு மேல மெசேஜ் போனாத்தான் உண்டு. இப்ப நாலு நாளா மெஷின் செத்துப் போச்சு. மெசேஜ் போகல. போனும் வரல. அதுக்குத்தான் நாளைக்குக் காலையிலங்கிறேன்.

என்னது? காட்டுங்க. இதெல்லாம் என்ன? ஒவ்வொரு நாளும் பாத்த கணக்கா? இதெல்லாம் உள்ளயே எழுதி வெச்சுக்குமா? அந்தத் தாடிக்காரன் இதைச் சொல்லவே இல்லையே.

ஆமா, மூணாம் தொட்டி. அஞ்சு அம்பதுக்கு நாப்பத்தி ஒண்ணு. ஆறு மணிக்கு நாப்பத்தி ஒண்ணு. ஆறு பத்துக்கு சைபர். ஆறு இருபதுக்கு மறுபடியும் நாப்பது. மறுநாளும் ஆறு பத்துக்கு சைபர்.

ஊசி கோளாறு இல்லம்மா. உங்க ஊசியைப் பழி சொல்லக்கூடாது. நான்தான் பிடுங்குறேன்.

காலையில போயி புதினாவுல இருந்து மெதுவாப் பிடுங்கி, சட்டையில துடைச்சு, வெயில் படாத இடமாப் பாத்து விளிம்பு மேல படுக்க வைப்பேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பாக்கும் அது. மெசேஜ் போகும். போனதும் மறுபடியும் நட்டுருவேன். நட்டு முடிக்கிறதுக்குள்ள போன் அடிக்கும். புதினா நல்லாத்தான் இருக்கு, காடு மாதிரி கிடக்கு. அதுக்கெல்லாம் மெஷின் எதுக்கு? விரலை விட்டுப் பாத்தா எனக்கே தெரியுது இப்பல்லாம். ரெண்டு கணு ஆழம் விட்டா போதும், எதுக்கு வேணும், எதுக்கு வேணாம்னு சொல்லிருவேன். மெஷின் செத்த நாலு நாளும் விரலாலதான் பாத்து ஊத்துறேன், ஒரு இலை வாடல. அதனால உங்களுக்கும் வேலை குறைச்சல்தான். பத்து ஊசியையும் விட்டுருங்க. மூணாம் நம்பரை மட்டும் ஓட வெச்சுக் குடுங்க.

நான் ஏன் கூப்பிடலையா? எப்படிம்மா கூப்பிடுறது? கூப்பிட்டா எலுமிச்சையைப் பத்திப் பேசணும். அதுக்கு முதல் வார்த்தை என்னன்னு எனக்குத் தெரியல. புதினாவுக்கு ஈரம் இல்லன்னா அவ பேசுறா, நான் பதில் சொல்லிட்டுப் போறேன். வழி அதுதான் தெரிஞ்சுச்சு.

ஒரு நாள் கேட்டா. இந்தப் புதினாவுக்கு மட்டும் டாண்ணு ஆறு பத்துக்கு எப்படிங்க தாகம் எடுக்குதுன்னு. புதினா அப்படித்தான்னேன். சரிங்கன்னா.

என்ன சொன்னீங்க? திருப்பிச் சொல்லுங்க. மண்ணு சைபர் காட்டாதா? எவ்வளவு காஞ்சாலும்? அஞ்சு ஆறாவது காட்டுமா? அப்ப சைபர்னா மண்ணுலயே இல்லன்னு அர்த்தமா? காத்துல இருந்தா மட்டும்தானா?

அப்படியா.

மெசேஜ்ல அந்த நம்பரும் போகுமேம்மா. ஈரம் சைபர்னுதான் போயிருக்கும், தினமும்.

அவ என்ன வேலை பாக்குறான்னு உங்ககிட்ட சொன்னேனா? சொல்லல. குடிதண்ணி சோதிக்கிற லேப்ல இருக்கா. இருபத்திரண்டு வருஷமா. பாட்டில் பாட்டிலா வரும், எதுல எது எவ்வளவு இருக்குன்னு பாத்து எழுதுறதுதான் வேலை. புள்ளிக்கு அப்புறம் மூணாவது நம்பர் ஒண்ணு கூட வந்தாலே, எவனோ பாட்டிலைக் கழுவாம அனுப்பிட்டான்னு திருப்பி அனுப்புறவ. அவளுக்குத் தெரியாமயா இருந்திருக்கும்? ஈரம் சைபர்னு வருது, டாண்ணு ஆறு பத்துக்கு, தினமும், எழுவது நாளா.

எழுவது நாளும் கூப்பிட்டாளே.

ஊத்துனீங்களான்னு கேக்குறா. ஊத்துறேங்கிறேன். அவளும் ஒண்ணும் தெரியாத மாதிரி, மண்ணை மாத்திப் பாருங்கன்னு ஒரு நாள் சொன்னா. நான் உண்மையிலேயே மாத்துனேன். எந்தக் கடையில மண்ணு, எவ்வளவு எருன்னு மூணு நாள் ரிப்போர்ட் குடுத்தேன். ம்ம், ம்ம்னு கேட்டா. ஒரு தடவை இருமுனா. சிரிச்சிருப்பா போல. சளியான்னு கேட்டேன்மா நான். வெந்நீர் குடின்னு வேற சொன்னேன்.

இல்ல, நான் சரியாத்தான் இருக்கேன். தூசி. நீங்க எறும்பைத் தட்டுனதுல கண்ணுல விழுந்துருச்சு.

நாலு நாளா அவ கூப்பிடலையேன்னு எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? அக்கா ஏதாவது சொல்லிக் குடுத்திருப்பான்னு நேத்து முழுக்க அந்த அம்மாவைத் திட்டிக்கிட்டு இருந்தேன். மெஷின் ரிப்பேர்னு அவளுக்கு யாரு சொன்னா? அவளைப் பொறுத்தவரைக்கும் தினமும் காலையில ஊசியைப் பிடுங்கிட்டு இருந்தவன் நாலு நாளாப் பிடுங்கல. அவ்வளவுதான அவளுக்குத் தெரியும்? நான் அவ கூப்பிடலைங்கிறேன். அவ பக்கம் நின்னு பாத்தா, நாலு நாளா கூப்பிடாதவன் நான்தான்.

மணி என்னம்மா? ஒண்ணே காலா? சாப்பிட்டு முடிச்சிருப்பா. கையைக் கழுவிட்டு உக்காந்திருப்பா.

அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துறீங்களா? சத்தம் கேக்குது. இல்ல, வெளிய போகல. வெளிய போனா மனசு மாறிரும். இங்கயே பேசிக்கிறேன், நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க. ரிங் போகுது.

ஹலோ. நான்தான். இல்ல, இல்ல, செடியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அதுக்குக் கூப்பிடல.